தௌச்சான் போர்க் கல்லறைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) வளர்ந்த எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் அந்த இடத்துக்கு "வெள்ளைக்காரன் கல்லறை" என்று பெயர். பெகுவுக்கோ (இன்றைய பகோ) புரோமுக்கோ (இன்றைய பியே) போகும் பஸ் அதைக் கடக்கும்போது, சன்னல் வழியாகப் பச்சைப் புல்லும் வெள்ளைத் தூண்களும் தெரியும். பெரியவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள், பஸ் போய்விடும். யாரோ அந்நியருக்கு யாரோ அந்நியர் கட்டியது என்ற எண்ணத்தில் பலரும் ஒருநாளும் உள்ளே கால் வைக்காமலே வாழ்ந்து முடித்துவிட்டார்கள். உண்மையில் அந்தத் தூண்களில் பொறித்திருக்கும் பெயர்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் மடிந்த இந்தியச் சிப்பாய்களுடையவை; அவற்றுள் தஞ்சாவூரிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களின் பெயர்களும் உண்டு. ஆகவே இந்தக் கட்டுரையை, அங்கே முதன்முறையாகப் போக நினைக்கும் தமிழர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் ரங்கூனிலேயே இருப்பவராகவும் இருக்கலாம், மூதாதையரின் சுவட்டைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருபவராகவும் இருக்கலாம். இருவருக்கும் பயன்படும்படி சொல்ல முயல்கிறேன்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஆங்கில எழுத்துகளில் எழுதப்படுவதைப் பார்த்து நம்மில் பலர் "தௌக்கியான்" என்று படிப்பார்கள். பர்மியர் வாயில் அது "தௌச்சான்" என்றே ஒலிக்கும். டாக்சிக்காரரிடம் "தௌச்சான் சிட் தின்ஜைன்" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார். சிட் என்றால் போர், தின்ஜைன் என்றால் இடுகாடு.

இது எந்தப் போரின் இடம்

போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், அங்கே காண்பது அழகான தோட்டமாக மட்டுமே தோன்றும். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1942 மார்ச் முதல் வாரத்தில் ஜப்பானியப் படைகள் ரங்கூனை நெருங்கிவிட்டன. மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் படைகளின் தலைமையை ஏற்ற ஜெனரல் அலெக்சாண்டர், நகரைக் காக்க முடியாது என்று கண்டு, வெளியேறும்படி ஆணையிட்டார். சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மார்ச் 7 அன்று படை வடக்கு நோக்கிப் புரோம் சாலையில் புறப்பட்டபோது, தௌச்சான் சந்திப்புக்கு வடக்கே ஜப்பானியரின் 33ஆம் டிவிஷனைச் சேர்ந்த ஒரு பிரிவு சாலையை மறித்து நின்றது. பிரிட்டிஷ் சிப்பாய்களும் இந்தியச் சிப்பாய்களும் கூர்க்காக்களும் அன்று முழுவதும் அந்தத் தடையை உடைக்க முயன்று தோற்றார்கள். தளபதி உட்பட மொத்தப் படையுமே அங்கே சிக்கியிருக்க வேண்டியது. ஆனால் மறுநாள் காலை பார்த்தால் தடை இல்லை. ஜப்பானிய டிவிஷன் மேற்கே வளைந்து சென்று வேறு திசையிலிருந்து நகருக்குள் நுழையத் திட்டமிட்டிருந்தது. அது சாலையைக் கடந்து முடிக்கும்வரை பக்கவாட்டில் பாதுகாப்பாக இருக்கவே அந்தத் தடை போடப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். மார்ச் 8 அன்று ரங்கூன் வீழ்ந்தது. பிரிட்டிஷ் படை தப்பி வடக்கே போயிற்று.

நமக்கு இந்தச் சாலையில் இன்னொரு கதையும் உண்டு. அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள், கையில் எடுத்த மூட்டையோடு புரோம் வரை போய், அங்கிருந்து தௌங்கூப் கணவாய் வழியாக அரக்கானுக்கும் பிறகு இந்தியாவுக்கும் நடந்தார்கள். அந்த ஆண்டில் பர்மாவிலிருந்து வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ 5 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். அவர்களுடைய பெயரைத் தாங்கிய கல் இந்த வழியில் எங்கும் கிடையாது. நீங்கள் தௌச்சானுக்குப் போகும் சாலை அந்தச் சாலைதான் என்பதை வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் இங்கே அடங்கியிருப்பவர்கள் எல்லாரும் 1942இல் இந்தச் சந்திப்பில் விழுந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. முதன்முறை வருபவர்கள் செய்யும் பொதுவான தவறு இதுதான். போர் முடிந்தபின், எளிதில் போய்வர முடியாத அக்யாப், மாண்டலே, மெய்க்திலா, சாமா ஆகிய இடங்களின் போர்க்களக் கல்லறைகளிலிருந்து உடல்களை எடுத்துவந்து ஒரே இடத்தில் அடக்கம் செய்வதற்காகவே தௌச்சான் அமைக்கப்பட்டது. 1951இல் அது திறக்கப்பட்டது. பர்மா முழுவதிலும் மூன்று ஆண்டுகள் நடந்த போரின் இறந்தோர் இங்கே ஒன்றுசேர்ந்திருக்கிறார்கள் என்று சொல்வதே சரி.

மூன்று வகை நினைவு: எதில் தேடுவது

இந்த வளாகத்தில் ஒன்றல்ல, வெவ்வேறான சில நினைவிடங்கள் இருக்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் போனதால் நான் முதன்முறை ஒரு முழு முற்பகலை வீணாக்கினேன்.

முதலாவது, கல்லறைகள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 6,374 பேர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 867 பேர் யாரென்று அடையாளம் தெரியாதவர்கள். முதல் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்த 52 பேரின் கல்லறைகளும் பர்மாவின் வெவ்வேறு ஊர்களிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டன. ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், இந்தியக் கிறித்தவர், முஸ்லிம்கள் போன்ற, புதைக்கும் வழக்கமுள்ளவர்களையே பெரும்பாலும் இங்கே காண்பீர்கள். ஐரோப்பாவில் இருப்பதுபோல் நின்ற கற்கள் இங்கே இல்லை. தாழ்வான பீடங்களே வரிசையாக அமைந்திருக்கின்றன. குனிந்துதான் படிக்க வேண்டும்.

இரண்டாவது, நடுவில் எழுந்து நிற்கும் ரங்கூன் நினைவகம். நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் வெள்ளைத் தூண்வரிசை இதுதான். 1958இல் திறந்துவைக்கப்பட்டது. பர்மாவிலும் அஸ்ஸாமிலும் இறந்து, உடல் கிடைக்காமலோ கல்லறை இன்னதென்று தெரியாமலோ போன ஏறத்தாழ 27,000 தரைப்படையினரின் பெயர்கள் இந்தத் தூண்களின் முகங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர் பெயர்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்க வேண்டிய இடம் இது.

மூன்றாவது, தகன நினைவகம். தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் இதில் உள்ளன. உங்கள் குடும்பத்தவர் மருத்துவமனையில் இறந்து முறைப்படி தகனம் செய்யப்பட்டவர் என்றால் இங்கேதான் இருப்பார். காட்டிலோ ஆற்றங்கரையிலோ காணாமல் போனவர் என்றால் தூண்களில் இருப்பார். இவை தவிர, பர்மாவின் வேறு இடங்களில் அடக்கம் செய்யப்பட்டு அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போன 45 பேருக்காக ஒரு சிறிய நினைவுச் சின்னமும் உண்டு.

இந்தத் தூண்களில் யாரெல்லாம் இருக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கல்லறை தெரியாத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் நினைவகத்தில் இருக்கின்றன. மலாயாவில் சண்டையிட்டு இறந்தவர்களும், சிங்கப்பூரில் சிறைபிடிக்கப்பட்டுப் பின்னர் இறந்த பலரும் அங்கேயே நினைவுகூரப்படுகிறார்கள். இந்தியக் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் இறந்தவர்களுக்கு பம்பாய், சிட்டகாங் நினைவகங்கள் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மடிந்தவர்களின் பெயர்கள் இங்கே இருக்காது. ரங்கூன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஒரே தலைமுறையில் ஓர் அண்ணன் பிரிட்டிஷ் படையிலும் ஒரு தம்பி நேதாஜியின் படையிலும் இருந்திருக்கிறார்கள். தம்பியைத் தேடி இங்கே வருகிறவர்கள் ஏமாற்றத்தோடு திரும்ப நேரிடும் என்பதால் இதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

புறப்படுவதற்கு முன்: வீட்டில் இருந்தபடி பெயரைத் தேடுதல்

முழுப் பயணத்திலும் மிக முக்கியமான வேலை இதுதான். இது நடப்பது தௌச்சானில் அல்ல, உங்கள் வீட்டில். தேடுவதற்கு ஒரு பெயர் இல்லாமல் அங்கே போகாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. 27,000 பெயர்களை யாராலும் உணர முடியாது. ஒரு பெயரை முடியும்.

இந்த இடங்களைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். முதல் உலகப் போரின்போது, 1917இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இறந்தோரின் பட்டியலை அதன் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். பெயரைத் தட்டியதும் பதவி, படைப்பிரிவு, சேவை எண், இறந்த நாள், நினைவிடம் ஆகியவை வரும். ரங்கூன் நினைவகம் என்றால் "முகம்" என்று குறித்து ஓர் எண் இருக்கும். அந்தப் பெயர் எந்தத் தூண்முகத்தில் உள்ளது என்பதை அந்த எண் காட்டும். கல்லறையாக இருந்தால் மனை எண், வரிசை எழுத்து, கல்லறை எண் ஆகிய மூன்றும் இருக்கும். இவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்; அங்கே இணைப்பு வராமல் போகலாம்.

தமிழ்ப் பெயர்களைத் தேடுவது எளிதல்ல. படையில் சேர்த்துக்கொண்ட குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதுதான் பதிவாகியிருக்கிறது. "சாமி" என்று முடியும் ஒரே பெயர் ஓரிடத்தில் "சாமி" என்ற ஒலிக்கும், இன்னோரிடத்தில் "ஸ்வாமி" என்ற ஒலிக்கும் ஏற்ப எழுதப்பட்டிருக்கும். முடிவெழுத்து ஐ ஆகவும் இருக்கும், ஒய் ஆகவும் இருக்கும். முனுசாமியும் முனிசாமியும் ஒருவராகவே இருக்கலாம். பெருமாள் என்ற பெயரின் கடைசி எழுத்து ஒற்றை எல் ஆகவோ இரட்டை எல் ஆகவோ வரும். ழகரத்தைச் சிலர் எல் என்றும் சிலர் இசட் என்றும் எழுதினார்கள். ஆகவே முழுப் பெயரையும் தட்டாமல் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் கொடுத்து, நினைவிடம் "ரங்கூன்" என்று வடிகட்டி, வரும் பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

ஒரே பெயரில் பலர் வருவார்கள். அப்போது கைகொடுப்பது, பதிவின் கூடுதல் குறிப்பில் சில வேளைகளில் இருக்கும் "இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர்" என்ற வரி. ஊர்ப் பெயர்கள் அன்றைய வழக்கில் இருக்கும். தஞ்சாவூர் "டாஞ்சூர்" என்றும், திருச்சி "ட்ரிச்சினோபோலி" என்றும், திருநெல்வேலி "டின்னவேலி" என்றும், இராமநாதபுரம் "ராம்நாட்" என்றும் தென்படும். இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகள் வட ஆற்காட்டிலும், கடலூர், விழுப்புரம் பகுதிகள் தென்னாற்காட்டிலும் அடங்கியிருந்தன. உங்கள் ஊர் இப்போது எந்த மாவட்டம் என்பதைக் கொண்டு தேடினால் கிடைக்காது.

குடும்பத்தில் யாரும் படைக்குப் போனதாகத் தெரியவில்லை என்றாலும், ஒரு படைப்பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழர்கள் அதிகமாக இருந்த பிரிவுகள் மதராஸ் ரெஜிமெண்ட், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், சாலை போட்டும் சுமை தூக்கியும் உழைத்த பயனியர் கோர் ஆகியவை. மதராஸ் சாப்பர்களை இராணுவத்தில் இன்றுவரை "தம்பிகள்" என்றே அழைக்கிறார்கள். பர்மாவின் ஆறுகளின்மேல் பாலம் கட்டியவர்களில் அவர்களும் உண்டு. பதவிகளைப் படிக்கும்போது சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று வரும். பொறியியல் பிரிவில் சிப்பாய்க்கு சாப்பர் என்று பெயர். சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவுப் பணியாளர் என்ற பதவிகளிலும் பெயர்கள் உண்டு. துப்பாக்கி பிடிக்காதவர் என்று அவர்களை விட்டுவிடவில்லை. அதிகாரியின் பெயர் பொறித்த அதே எழுத்தளவில் அவர்கள் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பதவியையும் இனத்தையும் பார்க்காமல் எல்லாரையும் ஒரே விதமாக நினைவுகூர்வது ஆணையம் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்ட கொள்கை.

போகும் நாளும் வழியும்

நகர மையத்திலிருந்து தௌச்சான் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே, விமான நிலையத்தைத் தாண்டி, மிங்கலாடோன் பகுதியில் இருக்கிறது. பெகு வழியாக மாண்டலேக்குப் போகும் சாலையும் புரோம் சாலையும் பிரிகிற சந்திப்பு அது. நகரப் பேருந்திலும் போகலாம். ஆனால் முதியவர்களை அழைத்துச் செல்வதென்றால் டாக்சியே நல்லது. போக, வர, அங்கே காத்திருக்க என்று மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாக முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். திரும்புகையில் அங்கே வேறு வண்டி உடனே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மார்ச், ஏப்ரலில் வெயில் கடுமையாக இருக்கும். கல்லறைகளுக்கு இடையே நிழல் குறைவு. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. எந்த மாதமானாலும் காலையிலேயே போய்விடுங்கள். காலைச் சாய்ந்த வெயிலில் தூணில் வெட்டிய எழுத்துகள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் வெள்ளைக் கல் கண்ணைக் கூசவைத்து ஒன்றும் படிக்க விடாது. நவம்பரில் தூதரகங்கள் நினைவுநாள் அனுசரிப்பு நடத்துவதுண்டு. அந்த நாளில் அமைதியாகத் தேட இயலாது.

2021இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதற்குப் பிறகு சாலைச் சோதனைகள் கூடியிருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையையும், வெளிநாட்டார் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். புறப்படும் அன்று காலையில் நிலைமை எப்படி என்று உள்ளூரில் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இருட்டுமுன் நகருக்குத் திரும்பிவிடுங்கள். மிங்கலாடோன் பகுதியில் இராணுவ முகாம்கள் இருப்பதால் வழியில் வண்டியிலிருந்து படம் எடுக்க வேண்டாம்.

தண்ணீர், குடை, கைக்குட்டை, எழுதுகோல், பெயரும் எண்ணும் எழுதிய தாள் ஆகியவை போதும். உள்ளே சாப்பாட்டுக் கடை இல்லை. தௌச்சான் கடைத்தெருவில் தேநீர்க் கடைகள் இருக்கின்றன. அங்கே ஒரு மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) சாப்பிட்டு, மற்றத் தேவைகளையும் முடித்துக்கொண்டு உள்ளே போவது நல்லது. அதே நாளில் பெகுவையும் பார்த்துவிடலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். பெயர் தேட வந்தவர்கள் அப்படிச் செய்யக் கூடாது என்பேன். கடிகாரத்தைப் பார்த்தபடி இந்த வேலையைச் செய்ய முடியாது.

உள்ளே

நுழைவுக் கட்டணம் கிடையாது. வாயிலருகே பதிவேடும் வருகையாளர் புத்தகமும் வைக்கப்பட்டிருப்பது வழக்கம். பணியாளர்கள் கண்ணில் பட்டால் உங்கள் தாளைக் காட்டுங்கள். "அக்கோ" (பர்மியத்தில் அண்ணா) என்று அழைத்து எண்ணைக் காட்டினாலே போதும், தூண்முகத்துக்கு நேராக அழைத்துப் போவார்கள். புல்லையும் செடிகளையும் இந்த வெயிலிலும் மழையிலும் இப்படிக் காத்துவருபவர்கள் அவர்களே. ஒரு நன்றி சொல்லாமல் வராதீர்கள்.

தேடத் தொடங்கும் முன் நேராக நடந்து நடுவிலுள்ள வட்ட மண்டபத்துக்குப் போங்கள். "சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் மடிந்தார்கள்" என்ற பொருளுடைய வாசகம் அங்கே ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகியவற்றில் இருக்கிறது. தமிழில் இல்லை. முதன்முறை அதைக் கவனித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அதனாலேயே, தமிழ்ப் பெயர்களைத் தமிழர் ஒருவர் வந்து தமிழ் ஒலியில் படிப்பது அவசியமாகிறது என்று நினைக்கிறேன்.

மண்டபத்தின் இருபுறமும் தூண்வரிசைகள் நீளும். பெயர்கள் படைப்பிரிவுவாரியாகவும், அதற்குள் பதவிவாரியாகவும், அதற்குள் அகரவரிசையிலும் அமைந்திருக்கின்றன. எழுத்துகள் ஆங்கிலம். உங்கள் படைப்பிரிவின் தலைப்பைக் கண்டுபிடித்தபின், பதவியைப் பார்த்து, பிறகு பெயருக்கு இறங்கி வாருங்கள். சில பெயர்கள் தலைக்கு மேல் இருக்கும். கைப்பேசிக் கேமராவால் பெரிதாக்கிப் படிக்கலாம்.

நான் முதன்முறை போனது என் சின்னையாவோடு. பாட்டியின் அண்ணன் பயனியர் பிரிவில் சேர்ந்து அரக்கான் பக்கம் போனவர், திரும்பவில்லை. எங்களிடம் பெயர் மட்டும்தான் இருந்தது. முகம் எண் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல், உச்சி வெயிலில், அந்தப் பெயர் கண்ணில் பட்ட இடமெல்லாம் நின்று இவர்தானா அவர்தானா என்று பார்த்து, எதையும் உறுதி செய்ய முடியாமல் திரும்பினோம். இரண்டாம் முறை, ஊர்ப் பெயரையும் தகப்பனார் பெயரையும் கொண்டு பதிவை வீட்டிலேயே கண்டெடுத்து, எண்ணோடு போனோம். கால் மணி நேரத்துக்குள் அந்தத் தூணின் முன் நின்றோம். சின்னையா ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவில்லை. நான் விரலை வைத்துக் காட்டியதும், தம் அம்மா வீட்டில் அவரை எப்படிக் குறிப்பிடுவாரோ அந்த உச்சரிப்பில், உரக்க ஒரு முறை சொன்னார்.

தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, அங்கே என்ன செய்யலாம் என்பது. செருப்பைக் கழற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, இது பகோடா அல்ல. கழற்றினால் யாரும் தடுக்கவும் மாட்டார்கள், ஆனால் கல் பாவிய தரை சுடும். தெயிஞ்சி சந்தையிலோ வழியிலோ வாங்கிய பூவைக் கல்லின் அடியில் வைக்கலாம். கற்பூரம், எண்ணெய் விளக்கு, தேங்காய் உடைத்தல், குங்குமம், சந்தனம் ஆகியவை வேண்டாம். வெள்ளைக் கல்லில் பட்ட கறை எளிதில் போகாது, அந்தக் கல் உங்கள் ஒருவருடைய உறவினருக்கு மட்டும் உரியதும் அல்ல. திதி கொடுக்க விரும்பினால் வீட்டிலோ ரங்கூன் காளியம்மன் கோயில் போன்ற கோயிலிலோ வைத்துக்கொள்ளுங்கள். பெயரின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதும் வேண்டாம். தெளிவான படம் ஒன்று போதும். குடும்பப் படங்களுக்குத் தடை இல்லை. ட்ரோன் பறக்கவிடவோ திருமண ஆல்பம் எடுக்கவோ நினைக்காதீர்கள்.

இளம் பர்மியக் காதலர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பதையும், குடும்பங்கள் பாய் விரித்து ஓய்வெடுப்பதையும் பார்ப்பீர்கள். சிலருக்கு இது மனத்தை உறுத்துகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நகரில் இவ்வளவு அமைதியான, பயமில்லாமல் உட்காரக்கூடிய இடங்கள் குறைவு. அங்கே படுத்திருப்பவர்களில் பலர் இறக்கும்போது அந்தக் காதலர்களின் வயதுதான்.

பெயரைக் கண்டபின் கல்லறைகளுக்கு இடையேயும் ஒரு சுற்று நடங்கள். ஒவ்வொரு கல்லிலும் வயதைப் பாருங்கள். பெயர் தெரியாதவர்களின் கற்கள் அருகே சற்று நில்லுங்கள். ஆப்பிரிக்க வீரர்களின் கற்களையும் தூண்களில் அவர்கள் பெயர்களையும் தேடுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 81, 82ஆம் டிவிஷன்களும், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து 11ஆம் டிவிஷனும் பர்மாவில் போரிட்டன என்பது நம் பள்ளிப் பாடங்களில் வந்ததில்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர்களின் கல்லறைகளும் சில உள்ளன. அவர்களில் லெப்டினன்ட் ஜார்ஜ் கேர்ன்ஸ் 1944இல், ஜப்பானியரின் பின்புறத்தில் ஊடுருவிப் போரிட்ட சிண்டிட் படையில் இருந்து மடிந்தவர். அவருக்கான விருது 1949இல்தான் அறிவிக்கப்பட்டது.

தௌச்சானோடு முடியாதவர்களுக்கு

நகருக்குள்ளேயே ரங்கூன் போர்க் கல்லறை என்று சிறியதொரு இடம் இருக்கிறது. ரங்கூன் சிறையில் ஜப்பானியரின் கைதிகளாக இருந்து இறந்தவர்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மௌல்மேனுக்கு (இன்றைய மவ்லமியாயின்) தெற்கே 60 கிலோமீட்டருக்கும் சற்று அப்பால் இருக்கும் தன்பியூசயாட் வேறு வகையான இடம். 1942, 43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையின் பர்மா முனை அது. அங்கே 3,149 காமன்வெல்த் வீரர்களும் 621 டச்சுக்காரர்களும் ஒவ்வொருவரும் தனித்தனிக் கல்லோடு இருக்கிறார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். படையினர் அல்லர் என்பதால் அவர்கள் பெயர் அந்தக் கல்லறையில் இல்லை. போவதென்றால் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். மோன் மாநிலப் பயணத்துக்கு இப்போது முன்னேற்பாடும் உள்ளூர் ஆலோசனையும் கட்டாயம் வேண்டும்.

திரும்பும்போதும் திரும்பியபின்னும்

வாயிலில் உள்ள வருகையாளர் புத்தகத்தில் தமிழில் எழுதுங்கள். நாள், உங்கள் ஊர், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று ஒரே வரி போதும். பின்னால் வரும் தமிழர் ஒருவர் பக்கத்தைப் புரட்டும்போது அந்த எழுத்து கண்ணில் படும்.

ஆணையத்தின் இணையதளத்திலிருந்து அந்த வீரருக்கான நினைவுச் சான்றிதழைப் பதிவிறக்கி அச்செடுக்கலாம். பதிவில் ஊர்ப் பெயரோ தகப்பனார் பெயரோ தவறாக இருந்தால், ஆதாரத்தோடு எழுதித் திருத்தம் கேட்கலாம். பழைய கடிதம், ஓய்வூதியத் தாள், பதக்கத்தின் விளிம்பில் இருக்கும் எண் போன்றவை ஆதாரமாகும். எங்கள் வீட்டில் பாட்டி ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்த ஓய்வூதியத் தாளில் இருந்த சேவை எண்தான், ஒரே பெயருடைய பலருக்குள் அவருடைய அண்ணனைப் பிரித்துக் காட்டியது. ஆகவே பெரியவர்கள் இருக்கும்போதே அந்தப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, எண் இருக்கும் எந்தத் தாளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.